படியெடுத்த பிறகே இடித்தார்கள்

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி என்றதும் நந்தி கல்யாணம்தான் நினைவுக்கு வரும். அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயில் சுவரில் இருக்கும் ஓர் அரசாணையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான்: சுவரை இடிக்கும் முன் அதிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே அவன் மறைந்துவிட்டான். அந்தப் படியிலிருந்து புதுச் சுவரில் எழுத்துகளை மறுபடி வெட்டியது அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026-இல். அரசன் மாறியும் படி தொலையவில்லை. யாரோ அதைத் தம் பொறுப்பாக வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று படியெடுக்கும் வேலைக்குக் குறைவில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன. மாளிகைமேட்டு அகழாய்வின் படங்களும் காரையின் புதைபடிவப் படங்களும் இப்போது கேமராவிலும் கணினியிலும்தான் பிறக்கின்றன. ஆனால் ‘ஸ்கேன் பண்ணியாச்சு, இனிக் கவலையில்லை’ என்ற நினைப்பு ஆபத்தானது. ஸ்கேன் செய்த அன்றுதான் கவலையே தொடங்குகிறது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே மாற்றுப்படி எதுவும் இல்லை. உலகத்துக்கே நினைவகச் சில்லு விற்கும் நாட்டில் நடந்தது இது.

இடம் போதாது என்பது நம் ஊர்ப் பிரச்சினை அல்ல. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை நல்ல தரத்தில், வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் சுமார் 26 மெகாபைட் வரும். ஒரு லட்சம் பக்கத்துக்கு 2.6 டெராபைட். மூன்று படி வைத்தாலும் 8 டெராபைட்டைத் தாண்டாது. எல்டிஓ-9 வகைக் காந்த நாடா ஒன்றிலேயே 18 டெராபைட் அடங்கும். சிக்கல் ஆயுளில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கை ஐந்து ஆண்டுக்கு மேல் நம்ப முடியாது. கத்திரி வெயிலில் இரும்பு பீரோவுக்குள் கிடந்தால் இன்னும் மோசம். நாடாவைக் குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால் 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். ஆனால் புதிய கருவி ஒன்றிரண்டு தலைமுறைக்கு மேல் பழைய நாடாவைப் படிக்காது. ஆகவே நாடா கெடாவிட்டாலும் பத்தாண்டுக்கொரு முறையாவது புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும்.

ஓலைச்சுவடிக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏடு செல்லரிக்கும் முன் புது ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். அரியலூரிலும் குன்னத்திலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர் பின்னாளில் தேடிப் பதிப்பித்த நூல்கள், அப்படிப் பெயர்த்து எழுதிய பேர் தெரியாதவர்களால்தான் அவர் கைக்கு வந்து சேர்ந்தன.

நம் மாவட்டங்களின் பிறப்பே ஒரு பாடம். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனியானது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-இல் திரும்பவும் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் கோப்புகள் இடம் மாறின. காகிதக் கட்டு என்றால் தேடியாவது பிடிக்கலாம். மாறுதலில் போன அலுவலரோடு கடவுச்சொல்லும் போய்விட்டால் யாரைக் கேட்பது? எழுத்துரு இன்னொரு வம்பு. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்பதற்கு முன், ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாக வருகின்றன. கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

எல்லாவற்றையும் மேகக்கணினியில் போட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. போடலாம், ஒரு படியை. அதுவும் எங்கோ யாரோ ஓட்டும் டிஸ்க்தான். வாடகை நின்றால் கதவு மூடிவிடும். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வெளியூரில் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை. பெரம்பலூர்ப் படியை அரியலூரிலும் அரியலூர்ப் படியைப் பெரம்பலூரிலும் வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். எனவே மூன்றாவது படி தொலைவில் இருப்பது நல்லது.

இதை ஆட்சியர் அலுவலகத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அரசின் பங்கு பணமும் ஆணையும்: டிஸ்க் வாங்க ஒருமுறை ஒதுக்கும் தொகை அல்ல, ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு, பெயர் போட்ட பொறுப்பாளர், மாறுதல் வந்தால் கையெழுத்துடன் ஒப்படைப்பு. கல்லூரிகளின் பங்கு சோதனை. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற கணக்கு எண்ணை முதலிலேயே குறித்துவைத்தால், உள்ளே ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கணினி அறிவியல் மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை இதைச் செய்து பார்ப்பது பெரிய வேலையல்ல. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பது ஊராரின் பங்கு. திருவிழா ட்ரோன் வீடியோ பத்து மணி நேரத்தையும் நூறாண்டுக்குக் காக்கத் தேவையில்லை. ஏரி, வாய்க்கால், புறம்போக்கு எல்லைக் கோப்பில் ஒரு பக்கமும் போகக் கூடாது.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போதே இன்னும் மூன்று கேள்விகளுக்கும் பதில் வாசிக்கட்டும்: ஊராட்சிக் கோப்புகளின் படிகள் எங்கெங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள், பார்த்தது யார்?