வீடு வரும் தேர்

தில்லையில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் நெருங்கும்போதெல்லாம் முதிய அன்பர்கள் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. தேரோட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டால் அது தரிசனம் ஆகுமா? கடலூரிலிருந்து சிதம்பரம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணமே. ஆயினும் முழங்கால் வலியோடு நெரிசலில் நிற்க இயலாதவருக்கு அதுவும் காசியைப் போல் தொலைவாகிவிடுகிறது.

பிற தலங்களில் உற்சவ மூர்த்தி வீதியுலா வருவார். தில்லையிலோ மூலவராகிய நடராசப் பெருமானே ஆண்டுக்கு இருமுறை சிற்சபையை நீங்கித் தேரேறுகிறார். விநாயகர், சுப்பிரமணியர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் ஆகியோரின் தேர்களும் உடன் வர, ஐந்து தேர்களும் நான்கு வீதிகளைச் சுற்றுகின்றன. கோயிலுக்கு வர இயலாதாரை இறைவனே நாடி வருவதுதான் தேர்த்திருவிழாவின் உட்பொருள் என்பர் பெரியோர். அவ்வருள் வீதியோடு நிற்க வேண்டுமென்பதில்லை. படுக்கையில் இருப்பவர் வீடு வரைக்கும் அதைக் கொண்டு சேர்க்க இன்று வானலை துணை செய்கிறது.

அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிவது சுவையானது. மேடை நிகழ்ச்சியைப் படமெடுக்கும் கேமராவுக்குக் கம்பி இணைப்புப் போதும். நகரும் தேரோடு கம்பி எப்படி ஓடும்? சக்கரத்திலும் பக்தர் காலிலும் சிக்கிக்கொள்ளும். ஆகவே கேமராவின் பின்புறத்தில் சிறியதோர் ஒலிபரப்புக் கருவியைப் பொருத்துகின்றனர். அது காட்சியை நுண்ணலைகளாக அனுப்ப, மாடிகளில் நிறுத்திய ஆன்டெனாக்கள் அவற்றை ஏற்று நேரலை வாகனத்துக்குத் தருகின்றன.

அந்த அலைகளுக்கும் இடையூறுகள் உண்டு. கூட்டமாக நிற்கும் மனித உடல்கள் அலையை உறிஞ்சிவிடும். ஏழுநிலைக் கோபுரத்தின் கருங்கல் அடித்தளமும் வீதியின் கட்டடங்களும் அலையை மறைக்கும், எதிரொளிக்கவும் செய்யும். அந்நாளில் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு, ஓர் உருவத்தின் அருகே நிழல்போல் இன்னோர் உருவம் தெரிந்தது நினைவிருக்கும். ஒரே அலை நேராகவும், சுவரில் பட்டுச் சற்றுத் தாமதித்தும் வந்து சேர்ந்ததே அதற்குக் காரணம். இக்கால முறையில் காட்சியை ஒரே அலையில் ஏற்றாமல், நூற்றுக்கணக்கான மெல்லிய அலைகளில் பகிர்ந்து ஏற்றுகின்றனர். பரவலான ஒரு முறையில் அவற்றின் எண்ணிக்கை 1,705. சில சிதைந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு படத்தை மீட்டுவிடலாம். பல ஆன்டெனாக்களில் எது தெளிவாகப் பெறுகிறதோ அதைக் கருவி நொடிதோறும் தேர்ந்துகொள்ளும்.

முதுகுப் பையில் பல சிம் அட்டைகள் கொண்ட கருவியைச் சுமந்து, கைப்பேசிக் கோபுரங்கள் வழியே காட்சியை அனுப்பும் முறையும் இன்று உண்டு. ஆனால் வீதி முழுதும் மக்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் நேரத்தில் அவ்வழி நெரிந்துவிடும். நேரலை திடீரென உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கூற வேண்டும். நேரலை என்பது முற்றிலும் அதே கணம் அன்று. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அலை ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். காட்சியைச் சுருக்கி விரிக்கச் சில விநாடிகள் கூடும். இணையத்தில் அரை நிமிடம்கூடப் பிந்தலாம். வீட்டில் நாம் காட்டும் கற்பூரம் சில நொடி பிந்தியதே என எவரும் கலங்க வேண்டா. 2020 மே 4 அன்று பெருந்தொற்றுக் காலத்தில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடந்து, இணைய நேரலையில் காட்டப்பட்டது. ஆண்டுதோறும் அவ்வேளையில் புது மங்கல நாண் அணியும் பெண்கள் அன்று தத்தம் இல்லத்திலேயே அணிந்தனர். அவர்கள் பக்திக்கு நொடிக்கணக்கு குறுக்கே நிற்கவில்லை.

கேமராவுக்கும் எல்லை உண்டு. சிற்சபையில் படமெடுக்க அனுமதி இல்லை. திரை விலகினால் பொன் வில்வ மாலை தொங்கும் வெளியே அங்கு இரகசியம். ஆகாயத் தலத்தின் வெளியைப் படத்தில் அடைக்க முயலாதிருப்பதே முறை.

தொலைக்காட்சியாருக்கு இரு வேண்டுகோள்கள். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தியே விலகியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. வெயிலில் காத்து நிற்கும் மூதாட்டியின் முன்னே கேமராவோடு நிற்பவர் ஓரடி விலகலாகாதா? தீபாராதனை வேளையில் வருணனையையும் விளம்பரத்தையும் நிறுத்தி, நாகசுர ஒலியை மட்டும் கேட்கவிட்டால் புண்ணியமாகும்.

அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விழா நாளில் "நேரலை தரிசனம்" என்று கைப்பேசிக்கு வரும் இணைப்புகளை எல்லாம் தொடாதீர்கள். சிறப்பு அர்ச்சனைக்கென வங்கி விவரமோ ஓடிபி எண்ணோ கேட்டால் அது மோசடி. ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். தாமதியாது அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

இளையோருக்கும் ஒரு சொல். "நீங்கள் டிவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதியவரைத் தனியே அமர்த்திவிட்டு வீடே தேருக்குப் புறப்படுவது பல இடங்களில் நடக்கிறது. ஒருவராவது உடன் இருங்கள். தேர் எந்த வீதியில் திரும்புகிறது என்று அவர் சொல்ல, நீங்கள் கேளுங்கள். அவர் கண்ட பழைய தேர்களும் அப்பேச்சில் வரும். தில்லையில் நாள்தோறும் ஆறுகாலப் பூசை உண்டு. கூட்டமில்லாத சாதாரண நாள் ஒன்றின் மாலையில் அவரை ஒருமுறை கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு என் விடை இதுவே. நீராடி, விளக்கேற்றி, மனம் ஒன்றிக் கண்டால் திரையில் வருவதும் தரிசனமே. ஆனால் செல்ல இயலாதவருக்கு இறைவன் அளித்த அச்சலுகையை, அவரை அழைத்துச் செல்ல இயன்றவர் தமக்குரிய சாக்காக்கிக்கொள்ளலாகாது.

திருச்சிற்றம்பலம்.