போக்கிமான் விளையாட்டு: தடுக்கும் முன் அறிவோம்



"பிள்ளை எந்நேரமும் போக்கிமான் விளையாடுகிறான், அது ஹராமா, ஹஜ்ரத்?" என்று மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் கேட்பதுண்டு. ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்லையே அவர்கள் எதிர்பார்க்கின்றனர். ஆனால் ஒரு பொருளின் தீர்ப்பு அப்பொருளை அறிந்த பின்னரே வரவேண்டும் என்பது நம் ஃபிக்ஹ் மரபு கற்றுத்தந்த ஒழுங்கு. ஆகவே, முதலில் இவ்விளையாட்டு யாது என்று பார்ப்போம்.

1996 பிப்ரவரியில் ஜப்பானில், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவிக்காக இது வெளிவந்தது. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் வயல்வெளிகளில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து மகிழ்ந்தவர். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த நம் ஊர்ச் சிறுவர்களின் ஆசையே அவருக்கும் இருந்தது. அந்த ஆசையைத் திரைக்குள் கொண்டுவந்தார். தொடக்கத்தில் 151 கற்பனை உயிரினங்கள் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல். அவற்றைப் பிடிப்பது, வளர்ப்பது, பிறருடைய உயிரினங்களோடு மோதவிடுவது, இவ்வளவே விளையாட்டு.

இதற்கு எதிராக நம்மிடையே உலவும் பேச்சுகள் இருவகை. ஒன்று வதந்தி. போக்கிமான் என்ற சொல்லுக்கு "நான் யூதன்" என்று பொருள் என்பதாகச் சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் அரபு நாடுகளில் பரவிய செய்தி இன்னும் கைப்பேசிகளில் வலம் வருகிறது. அது பொய். பாக்கெட் மான்ஸ்டர், அதாவது சட்டைப்பைக்குள் அடங்கும் விநோத உயிரி என்பதன் சுருக்கமே அப்பெயர். மற்றொன்று, சவூதி அரேபிய மார்க்க அறிஞர்கள் 2001இல் வழங்கிய ஃபத்வா. சூதாட்டக் கூறு, பரிணாமக் கருத்து, பிற மதச் சின்னங்கள் ஆகியவற்றை அது காரணங்களாகக் கூறியது. வதந்தியையும் ஃபத்வாவையும் ஒரே தட்டில் வைப்பது அறிஞர்களுக்குச் செய்யும் அநீதி.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்கு இடும் கட்டளை. பிள்ளை வளர்ப்பில் இதை நாம் மறந்தால் விளைவு சிறிதன்று. பத்து வயதுப் பிள்ளை அந்தச் சொல்லின் பொருளை ஒரு நிமிடத்தில் தேடி அறிந்துகொள்வான். வாப்பா சொன்ன காரணம் பொய் என்று கண்டால், நாளை வட்டியைப் பற்றியும் மதுவைப் பற்றியும் வாப்பா சொல்வதை அவன் எவ்வாறு நம்புவான்? விளையாட்டால் வரும் கேட்டைவிட, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் பொய்யால் வரும் கேடு பெரிது.

இனி உண்மையான காரணங்களுக்கு வருவோம். பொம்மையும் கற்பனை உயிரும் குழந்தைக்கு முற்றாக விலக்கப்பட்டவை அல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இறக்கை வைத்த குதிரை. அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. பரிணாமம் என்று விளையாட்டில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் ஒரே உயிர் வளர்ந்து உருமாறுவதுதான். புழு கூடாகிப் பட்டாம்பூச்சி ஆவதைப் போன்றது. பெயருக்கும் நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்கிவிடலாம்.

கவலைக்குரியது வேறிடத்தில் இருக்கிறது. 2006இல் வெளிவந்த பதிப்புகளில் ஆர்சியஸ் என்றோர் உயிரினம் பிரபஞ்சத்தையே உருவாக்கியதாகக் கதை வருகிறது. காட்டில் வழிதவறி மாண்ட குழந்தைகளின் ஆவி மரக்கட்டையில் புகுந்து உயிரினமாவதாக இன்னொரு கதை. படைத்தவன் அல்லாஹ் ஒருவனே என்பதும், இறந்தோரின் நிலை பர்ஸக் உடையது என்பதும் மனத்தில் ஊன்றாத ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை வெறும் கதை என்று பிரித்தறியத் தெரியாது. அகீதா உறுதிப்பட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை சிரித்துக் கடந்துவிடுவான்.

மோதவிடுதலையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கால்நடைகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை மார்க்கம் தடுக்கிறது; சேவல் சண்டை நமக்கு ஆகாது. திரையில் இரத்தமில்லை, தோற்ற உயிரி மயங்குகிறதே தவிர மாள்வதில்லை, உண்மையான எந்த உயிரும் நோவதில்லை. ஆகவே இதைச் சேவல் சண்டை என்று சொல்லிவிட இயலாது. எனினும், தெருவில் இரு பூனைகளைச் சண்டைக்கு ஏவும் குணம் பிள்ளையிடம் தலைகாட்டினால், அன்றே விளையாட்டை நிறுத்துவது பெற்றோர் கடமை.

எல்லாவற்றிலும் கனமானது பணம். 1996 பதிப்பிலேயே ஓர் ஊரில் சூதாட்ட இயந்திரங்கள் நிறைந்த கூடம் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. ஆனால் அதன் சாரம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாமலேயே விலை கொடுத்து வாங்கும் அட்டைப் பொட்டலம் ஒன்று. 2024 அக்டோபரில் வந்த கைப்பேசி அட்டை விளையாட்டில் நாள்தோறும் இரு பொட்டலங்கள் இலவசம். அதற்கு மேல் காத்திருக்க மனமில்லாதவர் பணம் செலுத்தலாம். போக்கிமான் கோ விளையாட்டில் என்ன பொரியும் என்று தெரியாத முட்டைகளை விரைந்து பொரிக்க அடைகருவிகள் விற்கப்படுகின்றன. கொடுப்பது நிச்சயம், கிடைப்பது தெரியாது. கிடைக்காத ஏக்கம் மீண்டும் கொடுக்கத் தூண்டும். இவ்வகைப் பெட்டிகளைப் பணத்துக்கு விற்பது சூதாட்டச் சட்டத்துக்கு முரண் என்று பெல்ஜியம் நாடு 2018இல் அறிவித்தது. முஸ்லிமல்லாத ஓர் அரசு கண்டுகொண்டதை, மைஸிரையும் கரரையும் பாடமாகவே படிக்கும் நாம் காணாதிருக்கலாமா? இந்தச் செலவுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. வயது வேறுபாடு இதில் இல்லை.

அடுத்து நேரம். போக்கிமான் கோவின் மாதாந்தரச் சிறப்பு நிகழ்வு இப்போது பெரும்பாலும் வார இறுதியில் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடைபெறுகிறது. நம் ஊர்களில் அஸர் பாங்கு ஒலிப்பது அந்த இடைவெளியில்தான். கருவியில் ஆடும் விளையாட்டையோ எந்நொடியும் இடைநிறுத்தலாம். ஆதலால் "இதோ முடித்துவிட்டு வருகிறேன்" என்ற சாக்கை ஏற்கத் தேவையில்லை. பாங்கு கேட்டதும் கருவியைக் கீழே வைக்க இயலுகிறதா என்பதே பிள்ளைக்கு அது ஏற்றதா என்பதை அளக்கும் கோல்.

இவற்றைத் தொகுத்து நான் வந்தடைந்த முடிவு இது. ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு இவ்விளையாட்டு வேண்டாம். அவ்வயதில் கதையையும் அகீதாவையும் பிரித்தறிய இயலாது. தமிழில் வெளிவராத விளையாட்டாகையால், வாசிக்கத் தெரியாமல் எதையாவது அழுத்தும் விரல் பணம் செலுத்தும் பொத்தானையும் அழுத்தும். தொழுகைக்கு ஏவப்படும் ஏழு வயதுக்குப் பின், பெற்றோர் அருகிருக்க, நேர வரம்போடு, பணம் செலுத்தும் வழியை அடைத்து, ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் பதிப்பை மட்டும் அனுமதிக்கலாம். அட்டைப் பொட்டலமும் கைப்பேசி அட்டை விளையாட்டும் எவ்வயதிலும் வேண்டாம். இதைவிடக் கடுமையான கருத்துடைய ஆலிம்களைப் பின்பற்றுவோர் தம் வீட்டில் முற்றிலும் தவிர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பிள்ளையிடம் சொல்லும் காரணம் உண்மையானதாக இருக்கட்டும்.

தடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். உயிரினங்களின் பெயரையும் குணத்தையும் சேகரிக்கும் ஆசை அல்லாஹ் குழந்தைக்குத் தந்த ஆசை. பசு, கால்நடை, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என ஆறு உயிரினங்களின் பெயரில் குர்ஆனில் அத்தியாயங்கள் உள்ளன. பிள்ளையின் கைபிடித்து முற்றத்துக்குச் செல்லுங்கள். எறும்பின் வரிசையைக் காட்டுங்கள். பிறகு அந்நம்ல் அத்தியாயத்தில் ஸுலைமான் நபி (அலை) அவர்களைப் புன்னகைக்க வைத்த எறும்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம் சொற்களை அவர்கள் நம்பத்தக்கவையாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.