விசிலுக்கு முன் ஒரு துண்டு பிளாஸ்திரி



பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், கூடைப்பந்தில் சீருடை சரியில்லை என்றால் ஆட விடலாமா, உட்கார வைக்கலாமா?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

சீருடை விதிகள் எல்லாம் ஒன்றல்ல. மோதிரம், காப்பு, நீண்ட நகம் அடுத்த பிள்ளையின் கண்ணைப் பதம் பார்த்துவிடும். அங்கே தயவு தாட்சண்யம் கூடாது. கழற்றினால்தான், வெட்டினால்தான் ஆட்டம். சட்டையை உள்ளே விடுவது ஒழுங்குக்காக. அதற்கு "உள்ளே விடுப்பா" என்ற ஒரு வார்த்தை போதும். எண் விதி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐந்து ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டிய ஆட்டம் இது. ஒரே அணியில் இருவருக்கு ஒரே எண் இருந்தால், ஃபவுலை யார் கணக்கில் எழுதுவது?

இந்த எண் விஷயத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டி. ஒரு பையன் அண்ணனின் பழைய பனியனைப் போட்டு வந்திருந்தான். அதே எண் இன்னொருவன் முதுகிலும் இருந்தது. "விதி விதிதான்" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இருந்தது. ஒரு துண்டு ஒட்டி எண்ணை மாற்றியிருந்தால் மூன்று நிமிட வேலை. எனக்குத் தோன்றவில்லை. அவன் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். அதன்பின் அவனை மைதானத்தில் நான் பார்க்கவே இல்லை.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், நம் நாட்டு வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் மங்கோலியாவுக்கு எதிராக ஆடாமலே ஆட்டத்தை இழந்தார்கள். காயம் படக்கூடாது என்று எழுதிய விதிதான். ஆனால் தலையை மூடினாலே ஆபத்து என்று அதைப் படித்தார்கள். 2017இல் சர்வதேசக் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது. யாருக்கும் ஆபத்தில்லாதபடி, சொன்ன நிறத்தில் இருந்தால் தலையில் அணிந்து ஆடலாம். நல்லது. ஆனால் இழந்த அந்த ஆட்டம் அந்தப் பெண்களுக்குத் திரும்பி வராது.

"ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்களே" என்பீர்கள். எல்லோருக்கும் விடுங்கள். இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோல். ஆட்டம் தொடங்குமுன், பயிற்சி எடுக்கும்போதே பார்த்துச் சொல்லுங்கள். சரிசெய்ய நேரம் கொடுங்கள். சொல்லியும் வேண்டுமென்றே மீறுபவருக்குத்தான் தண்டனை.

பெற்றோர் வாங்கித் தர முடியாத பனியனுக்குப் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்