சின்ன மெஷின் சரி, மீட்டர் என்ன காட்டுது?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலை வேலை. நான் எலக்ட்ரிக்கல் எடுத்திருக்கிறேன் என்றதும் பெரியம்மா கேட்டார்: "ஏன்டா, எனக்குக் கரண்ட் வெச்சாங்களே, அந்த மெஷினை நீ ரிப்பேர் பண்ணுவியா?"

மார்பில் கட்டி வந்து, தினமும் லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய் வந்தவர் அவர். "மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு.

உண்மையில் உடம்புக்குள் கரண்ட் எதுவும் போவதில்லை. அது லீனியர் ஆக்சிலரேட்டர். மைக்ரோவேவ் அலை எலக்ட்ரான்களை வேகமாகத் தள்ளி டங்ஸ்டனில் மோத வைக்கும். அதில் பிறக்கும் எக்ஸ்ரேதான் கட்டியை அழிக்கிறது.

மைக்ரோவேவுக்குப் பதில் லேசரால் தள்ளினால்? 1979-லேயே தஜிமா, டாசன் என்ற இருவர் இதை எழுதிவிட்டார்கள். பழவேற்காடு ஏரியில் படகு போனால் பின்னால் அலை எழும் இல்லையா? அதுபோல பிளாஸ்மாவுக்குள் லேசர் துடிப்பு பாய, பின்னால் எழும் அலையில் எலக்ட்ரான் சவாரி செய்கிறது. 2014-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வெறும் 9 செ.மீ. தூரத்தில் 4.2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எட்டினார்கள். நம் ஆறு அங்குல ஸ்கேலைவிடச் சின்னது! இந்தூரில் உள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர், ஆற்றல் 2.5 ஜிகா. (அதன் வேலை வேறு. அளவு புரியத்தான் சொன்னேன்.)

எல்லோரும் இந்த 9 செ.மீ.க்குத்தான் கைதட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லேசர் இருக்கும் அறையை யார் அளந்தது? ஆஸ்பத்திரி மெஷினில் எலக்ட்ரான் ஓடும் குழாயே சுமார் ஒரு மீட்டர்தான். அது நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்பு தருகிறது. பெர்க்லி லேசர் நொடிக்கு ஒன்று. அங்கே பயன்படும் டைட்டானியம் சஃபயர் வகை லேசர், இழுக்கும் கரண்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒளியாகத் தருவதில்லை. நம் மெஷின்ஸ் லேபில் லோடு டெஸ்ட் எடுத்து எஃபிஷியன்சி 70-க்குக் கீழே வந்தால் சார் ரெக்கார்டைத் தூக்கி வீசுவாரே, இதற்கு என்ன சொல்வார்?

வழி இல்லாமல் இல்லை. இண்டஸ்ட்ரியல் விசிட்டில் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் பார்த்தோமே, அது கரண்டில் சுமார் 30 சதவீதத்தை ஒளியாக்குகிறது. அப்படிப்பட்ட ஃபைபர்களை ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்த்து எலக்ட்ரானைத் தள்ளலாம் என்று மூரூவும் அவர் குழுவினரும் 2013-ல் சொன்னார்கள். 2018-ல் நோபல் வாங்கியவர் அவர். இந்தூர் ராஜா ராமண்ணா மையத்திலும் லேசர் முடுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பேப்பர் எழுதுவது பெரியவர்கள் பாடு. சில்லர், பவர் சப்ளை, வாக்குவம் பம்ப்? அது டிப்ளமோக்காரன் கை வைக்கிற இடம்!

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். பழைய ஃபைபர் லேசர் ஒன்றை லேபுக்கு வாங்குங்கள். மோட்டாருக்கு எடுப்பது போலவே அதற்கும் லோடு டெஸ்ட் எடுக்கிறோம்.

பெரியம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு அதே ரயிலில்தான் போய் வருகிறார்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு