மூன்று மணி நேரம்தான் கெடு!

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரி உள்ள ஊர். பெங்களூரு சாலையில் இரவு பகல் ஓயாமல் வண்டிகள் பறக்கின்றன.

இங்கே ஒருவர் அடிபட்டு விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடும். "பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்கள்!" என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த யோசனையே உயிருக்கு உலை வைத்துவிடலாம்!

காயம் பட்ட இடத்தில் ரத்தம் தானே உறைந்து அடைப்புப் போடும். அந்த அடைப்பைக் கரைக்கும் வேலையும் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. பலத்த அடி பட்டால், கரைக்கும் வேலை மிஞ்சிவிடுகிறது. ஏரிக்கரை உடைப்பில் மண் மூட்டை அடுக்க அடுக்க, தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போவது போல!

இந்த அரிப்பைத் தடுக்க ஒரு ஊசி மருந்து இருக்கிறது. டிரானெக்சாமிக் ஆசிட் என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, விலை மலிவு. ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் டாக்டரும், அவர் கணவர் ஷோசுகேயும் 1962-ல் இதை அறிவித்தார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்தவர் அந்த அம்மாள்!

விபத்தில் சிக்கியவர்களுக்கு இது பயன்படும் என்பது 2010-ல்தான் உறுதியாயிற்று. இந்தியா உள்பட 40 நாடுகளில், 20 ஆயிரம் பேருக்கு மேல் சோதித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 1,000 பேருக்கு 160 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 145 பேர். இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். 15 வீடுகளில் விளக்கு அணையவில்லை!

முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். 3 மணி நேரம் கடந்தால் பலன் இல்லை, கெடுதலும் வரலாம்.

ஆகவே, ஒவ்வொரு 108 வண்டியிலும், சாலையோரத்துச் சிறிய ஆஸ்பத்திரியிலும் இந்த மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் மருந்து இருந்து என்ன பயன்? அறுவைச் சிகிச்சைக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

பணத்துக்கு அஞ்ச வேண்டாம். "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். போலீஸ், கோர்ட்டு என்றும் பயப்பட வேண்டாம். உதவி செய்பவருக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

108 வண்டி வரும்வரை, சுத்தமான துணியை மடித்து, ரத்தம் வரும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஊசி போடலாமா, கூடாதா என்று அவர் முடிவு செய்ய அந்த நேரம் தேவைப்படும்.