கூடு கழுவுபவருக்கும் காப்பு வேண்டும்

எனது மாமா ஒரு பல்கலைக்கழகத்தின் பிராணிகள் கூடத்தில் தொழிலாளியாக வேலை செய்தவர். ஆராய்ச்சிக்கென வளர்க்கப்படும் வெள்ளை எலிகளுக்கும் முயல்களுக்கும் தீனி வைப்பது, கூடுகளில் கிடக்கும் அழுக்கு மரத்தூளை அள்ளிக் கொட்டுவது, கூடுகளைக் கழுவி அடுக்குவது ஆகியன அவரது அன்றாடப் பணிகள். "எலிக்குச் சோறு போடுற வேல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அவருக்கு இருமல் தொடங்கியது. பிறகு தும்மல், கண் கடி, இரவில் இழுப்பு. பல தடவை வைத்தியசாலைக்குப் போனார். மாத்திரையும் இன்ஹேலரும் கிடைத்தன; சுகம் கிடைக்கவில்லை. மாமிதான் ஒரு நாள் சொன்னார்: "பெருநாள் லீவுல ஒரு கிழம நல்லா இருந்தீங்க. வேலைக்குப் போன அண்டைக்கே திரும்ப இழுக்குது." அதை வைத்தியரிடம் சொன்ன பிறகுதான், "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி முதன்முதலாக எழுந்தது.

எலியின் சிறுநீரில் ஒரு வகைப் புரதம் உண்டு. அது காய்ந்து தூசியோடு கலந்து பறக்கும். நாளாந்தம் அதைச் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி, நாளடைவில் ஆஸ்துமாவாக மாறும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆய்வுகூட விலங்குகளுடன் வேலை செய்வோரிடையே உலகெங்கும் அறியப்பட்ட தொழில் நோய். ஆனால் அத்தூளைத் தினமும் அள்ளிய மாமாவுக்கு அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கூட்டிலுள்ள எலி சோர்ந்து படுத்தால் அது பதிவேட்டில் எழுதப்படும். மாமா இருமியது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதன் பின்னரே இவ்விடயம் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தவற்றுள் இரண்டு சம்பவங்கள் என் மனதை விட்டு அகலவில்லை.

முதலாவது, ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது. 1997 ஒக்டோபர் மாத இறுதியில், குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிலையமொன்றில் 22 வயது யுவதி ஒருவர், கூட்டில் அடைக்கப்பட்டிருந்த ரீசஸ் குரங்கொன்றை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். குரங்கிடமிருந்து ஏதோ ஒரு துளி அவரது வலக் கண்ணில் தெறித்தது. கடியும் இல்லை, கீறலும் இல்லை. கடதாசித் துண்டொன்றால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் கழிந்த பின்னரே கண்ணைக் கழுவினார். சுமார் பத்து நாட்களில் கண் சிவந்தது. டிசம்பர் 10ஆந் திகதி அவர் காலமானார். அக்குரங்குகளுக்குப் பெரிய தீங்கு செய்யாத 'பி' வைரஸ், மனிதரின் மூளையையும் முண்ணாணையும் தாக்கவல்லது. குரங்கு கடித்து ஓர் இளம் வைத்தியர் இறந்த 1932ஆம் ஆண்டு முதலே அறியப்பட்ட ஆபத்து அது. அப்படியிருந்தும் அந்த யுவதி கண்காப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. கூட்டுக்குள் இருக்கும் குரங்கை நகர்த்துவது ஆபத்துக் குறைந்த வேலை என்றே கருதப்பட்டிருந்தது.

இரண்டாவது, மாணவிகளாகிய எமக்கு இன்னும் நெருக்கமானது. சீனாவின் ஹார்பின் நகரிலுள்ள வடகிழக்கு விவசாயப் பல்கலைக்கழகத்தில் 2010 டிசம்பரில் நடந்த செய்முறை வகுப்புகளில் நான்கு ஆடுகள் பயன்படுத்தப்பட்டன. அவை நோயற்றவை என்பதற்கான பரிசோதனை செய்யப்படவில்லை. விளைவு, 27 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் புருசெல்லோசிஸ் நோய்க்கு ஆளாகினர். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் கொண்ட அந்நோய் சரியாகக் கவனிக்கப்படாவிட்டால் நீண்ட காலம் வாட்டும். பல்கலைக்கழகம் பின்னர் மன்னிப்புக் கோரியது. நான்கு ஆடுகளுக்கான இரத்தப் பரிசோதனையோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

இவற்றையும் மாமாவின் கதையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான். எந்த வேலை "சின்ன வேலை" என்று எண்ணப்படுகிறதோ அங்கேதான் பாதுகாப்பு விடுபட்டுப் போகிறது. பேராசிரியர் எலியை ஒரு மணித்தியாலம் பார்க்கிறார். தொழிலாளி எட்டு மணித்தியாலம் அதன் தூசியில் நிற்கிறார். ஆகவே பாதுகாப்பைப் பதவியைப் பார்த்து அல்ல, யார் எதைத் தொடுகிறார், எதைச் சுவாசிக்கிறார் என்பதைப் பார்த்தே வழங்க வேண்டும்.

"நம் நாடு இருக்கும் நிலையில் இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை பொய்யல்ல. ஆனால் மரத்தூளை அள்ளுமுன் சற்று நனைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்? கண்ணில் ஏதும் தெறித்தால் உடனே பதினைந்து நிமிடம் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும், அதை விளக்கிச் சொல்ல ஒரு ஆளும் போதும். வேலைக்குச் சேரும்போதும் பின்னர் வருடத்துக்கு ஒரு முறையும் மூச்சுப் பரிசோதனை செய்தால் நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளலாம். "நான் ஆராய்ச்சி விலங்குகளுடன் வேலை செய்பவர்" என்று எழுதிய சிறு அட்டையொன்று சட்டைப்பையில் இருந்தால், வைத்தியர் மூன்று வருடம் இருட்டில் தேட வேண்டியதில்லை.

"கொடுத்த முகக்கவசத்தை அவர்களே கழற்றி வைக்கிறார்களே" என்றும் சொல்வார்கள். உண்மைதான், மாமாவும் கழற்றியவர்தான். காற்றோட்டமில்லாத அறையில், வியர்வையில் நனைந்த முகக்கவசத்தோடு எட்டு மணித்தியாலம் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். முதலில் தூசியைக் குறைக்க வேண்டும், காற்றோட்டத்தைச் சீராக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முகக்கவசம். எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் கவனத்தின் மேல் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வது நியாயமல்ல.

இவை அனைத்திலும் முக்கியமான ஒன்று உண்டு. நோயைச் சொன்னால் பிழைப்புப் போய்விடாது என்ற உறுதி தொழிலாளிக்கு இருக்க வேண்டும். மாமா இரண்டு வருடம் வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. "சொன்னா ஓவர்டைம் வெட்டுவாங்க மகள், பிள்ளைகள்ட டியூஷன் காசு அதிலதான் போகுது" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

எம்மில் சிலர் நாளை மருத்துவ பீடத்துக்கும், பேராதனை விலங்கு மருத்துவ பீடத்துக்கும் செல்லக்கூடும். அங்கே ஒரு விலங்கைக் கையில் எடுக்குமுன், "இது பரிசோதிக்கப்பட்டதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு அந்தத் துணிவைக் கொடுக்க வேண்டும். வைத்தியராகப் போகும் தோழிகளிடம் எனக்கு இன்னொரு வேண்டுகோள் உண்டு. இருமிக்கொண்டு வருபவரிடம் அவரது தொழிலையும் கேளுங்கள்.

வைத்தியரின் கடிதத்தோடு மாமா இப்போது களஞ்சியப் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளார். இழுப்புக் குறைந்திருக்கிறது. அவரது இடத்துக்கு இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவன் வந்திருக்கிறான். தூளை நனைத்துவிட்டு அள்ளும்படி மாமாவே போய் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். நல்ல காரியம். ஆனால் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் மாமா அல்ல.