பிறை தேடும் கண்களுக்கு எந்தப் பைனாகுலர்?



மார்க்கச் சட்டங்களையும் வரலாற்றையும் எழுதிவரும் இப்பகுதியில் இம்மாதம் ஒரு கருவியைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜோலார்பேட்டை வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்குப் பிறை பார்ப்பதற்காக உயர்ந்த ரகப் பைனாகுலர் ஒன்றை வாங்கித் தர ஆம்பூர்த் தோல் வணிகர் ஒருவர் முன்வந்தார். விலை இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! கேட்டவுடன் ஜமாஅத் இரண்டாகப் பிரிந்தது. "அல்லாஹ்வின் இல்லத்துக்குத் தருவது உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்?" என்றனர் ஒரு சாரார். "ஆண்டுக்குப் பன்னிரண்டு மாலைகள் எட்டிப் பார்ப்பதற்கு இரண்டு லட்சமா?" என்றனர் மறு சாரார். முத்தவல்லி என்னைப் பார்த்தார். "ஹஜ்ரத், நீங்கள் மதரஸாவிலும் ஓதியவர், கல்லூரியிலும் படித்தவர். பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார். நான் படித்ததோ வரலாறு, ஒளியியல் அன்று. ஆயினும் பொதுப் பணம் சம்பந்தப்பட்ட காரியம். தெரியாது என்று ஒதுங்குவதைவிடத் தெரிந்துகொண்டு பேசுவதே மேல் எனத் துணிந்தேன்.

தூரநோக்கி எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அந்நியப் பொருளன்று. ஏலகிரிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் செய்தது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அந்த அவதானிப்பில் காவலூருக்கும் பங்கு இருந்தது. 1986-இல் நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கியது. விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கண்ணின் இயல்பை ஆராய்ந்த முன்னோடியோ நம் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளோடு விளக்கியவர் அவர்.

இனிக் கருவிக்கு வருவோம். பைனாகுலரின் மேல் 8x42 என்று எழுதியிருந்தால், பொருள் எட்டு மடங்கு அருகில் வந்தாற்போல் தெரியும் என்பது முதல் எண்ணின் பொருள். முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்பது இரண்டாம் எண்ணின் பொருள். பெரிய எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஐந்தேகால் வரும். கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மில்லிமீட்டர் என்பது அதன் கருத்து. அந்தி மங்கலில் இளைஞனின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது ஐந்தளவில் நின்றுவிடும். ஆகவே 7x50 கருவி தரும் ஏழு மில்லிமீட்டர் ஒளிக்கற்றையில் ஒரு பகுதி, வயது முதிர்ந்தவர் கண்ணுக்குள் புகாமலே வீணாகிறது. மடங்கு கூடக்கூட நன்மை என்று எண்ணுவதும் தவறு. பத்து மடங்குக் கருவி நிலவை மட்டுமா பெரிதாக்குகிறது? நம் கைநடுக்கத்தையும் பத்து மடங்காக்குகிறது!

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளி இப்படிப் பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை ஜெய்ஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா 1935-இல் கண்டறிந்தார். இன்றைய உயர்ரகக் கருவிகளில் பல அடுக்குப் பூச்சுகளால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒளி கண்ணை அடைகிறது. பொருளின் ஓரத்தில் தோன்றும் ஊதா நிறக் கீற்றைக் குறைக்க ஃபுளோரைடு கலந்த கண்ணாடி பயன்படுகிறது. குழல்கள் நேராக இருக்கும் மெலிந்த வடிவத்தில் பட்டகங்களை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும். அதற்கும் பணம் செலவாகிறது.

இன்று முன்னணியில் நிற்கும் மூன்றை ஒப்பிட்டுச் சொல்கிறேன். மூன்றுமே 8x42 அளவுடையவை. ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி என்.எல். பியூர் 159 மீட்டர் அகலத்தையும், ஜெர்மனியின் ஜெய்ஸ் எஸ்.எஃப். 148 மீட்டரையும், லைக்கா நாக்டிவிட் 135 மீட்டரையும் ஒரே பார்வையில் காட்டுகின்றன. மூன்றும் முக்கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளவை. ஸ்வரோவ்ஸ்கிக்கு நெற்றியில் பதிந்து நடுக்கத்தைக் குறைக்கும் தாங்கியைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். ஜெய்ஸ் கருவியின் பாரம் கண் பக்கமாக வரும்படி அமைக்கப்பட்டிருப்பதால் மணிக்கட்டு எளிதில் சோர்வதில்லை. லைக்காவோ பார்வைப் பரப்பில் குறைந்தாலும் நிறத்தின் செறிவுக்கும் ஆழத்துக்கும் பெயர் பெற்றது. பரந்த வெளியைத் துழாவுவோர் முதலாவதையும், நெடுநேரம் ஏந்தி நிற்போர் இரண்டாவதையும், வண்ணங்களில் தோய்வோர் மூன்றாவதையும் விரும்புவது இயல்பே.

ஏட்டறிவோடு நிற்க மனம் ஒப்பவில்லை. வணிகரிடம் அவர் சொந்த உபயோகத்துக்கென வைத்திருந்த ஜெர்மன் உயர்ரகக் கருவி இருந்தது. பறவை பார்க்கும் பழக்கமுள்ள நண்பரிடமிருந்து இருபதாயிரம் ரூபாய் மதிப்புள்ள நடுத்தரக் கருவியை இரவல் பெற்றேன். மதரஸாவின் பழைய 7x50 ஒன்று. கடைத்தெருவில் மாணவன் ஒருவன் ஆசையோடு வாங்கிய, 30x60 என்று பொறித்த சிறு கருவி ஒன்று. நான்கையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் மாடி ஏறினோம்.

முதலில் மாணவனின் கருவி. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அறுபது என்று எழுதிய கண்ணாடியின் அகலம் இருபத்திரண்டே மில்லிமீட்டர்! இரு குழல்களும் ஒரே திசையில் நோக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தலைவலி வந்தது. அளவையில் மோசடி தராசில் மட்டும் நிகழ்வதில்லை என்பதைப் பிள்ளைகள் அன்று கண்கூடாகக் கற்றார்கள்.

மாலை வெயில் ஏலகிரியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. மலைப் பாறைகளின் விளிம்பையும், வானத்தின் முன் நின்ற மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்களையும் பார்த்தோம். பழைய 7x50 பளுவாக இருந்தாலும் நடுவில் நல்ல தெளிவு தந்தது. ஓரங்கள்தாம் மங்கின. நடுத்தரக் கருவியில் குமிழ்களின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கீற்று தெரிந்தது. உயர்ரகக் கருவியில் அதுவுமில்லை. ஓரம் வரை தெளிவு. ஒளி மங்க மங்க அதன் மேன்மை சற்றே கூடியது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வேறுபாடு உண்மை. ஆனால் விலையில் பத்து மடங்கு கூடியது காட்சியில் பத்து மடங்கு கூடவில்லை.

அப்போதுதான் பெரிய ஹஜ்ரத்தின் நினைவு வந்தது. எழுபது வயதைக் கடந்த முன்னாள் இமாம். நாற்பது ஆண்டுகள் இந்த ஊர் மாடியில் நின்று பிறை பார்த்தவர். கண்பார்வை குன்றியதிலிருந்து, "நான் ஏறி வந்து என்ன ஆகப்போகிறது?" என்று கீழேயே இருந்துவிடுவார். பிறை 29 மாலையில் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். மஃரிபுக்குப் பின் மேற்கில் ஒரு மாணவன் முதலில் பிறையைக் கண்டு திசை காட்டினான். பெரிய ஹஜ்ரத் பழைய 7x50-ஐக் கண்ணில் வைத்தார். மூக்குக் கண்ணாடியோடு பார்த்தபோது சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் இருந்ததாம். கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் பார்வைச் சிதறலும் உண்டு. கிட்டப் பார்வையையும் தூரப் பார்வையையும் குவியத் திருகு சரிசெய்யும். சிதறலை அது சரிசெய்யாது. கருவியைத் தாழ்த்திவிட்டார்.

நடுத்தரக் கருவியின் கண்குமிழை உள்ளே இறக்கி, கண்ணாடியோடே பார்க்கச் சொல்லித் தந்தேன். கண்ணுக்கும் கருவிக்கும் இடையே பதினெட்டு மில்லிமீட்டர் விலகலிலும் முழுக் காட்சி தரும் அமைப்பு அது. முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றச் செய்தேன். சிறிது நேரம் மௌனம். பிறகு அவர் உதடுகள் துஆவில் அசைந்தன. கருவியை இறக்கவே இல்லை. உயர்ரகக் கருவியையும் தந்தோம். "இதிலும் தெரிகிறது, இன்னும் அழகாகத் தெரிகிறது" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, எனக்கு இல்லாதிருந்தது இரண்டு லட்சமல்ல, அந்தக் கொஞ்சம் இடைவெளிதான்" என்றார்.

வணிகரிடம் என் முடிவைச் சொன்னேன். நாள் முழுதும் காட்டில் கண் பதித்திருக்கும் ஆய்வாளருக்கு உயர்ரகக் கருவி வீண்செலவன்று. எட்டு மணி நேரம் பார்த்தாலும் கண் களைக்காதது அதன் சிறப்பு. மாதத்தில் அரைமணி நேரம் பார்க்கும் பள்ளிவாசலுக்கு நல்ல நடுத்தர 8x42 ஒன்றும், உறுதியான முக்காலி ஒன்றும் போதும். அவர் முகம் வாடியது. "விலை குறைந்ததைக் கொடுத்தால் என் நிய்யத் குறைந்ததாகாதா?" என்றார். "மீதியை வேறு கண்களுக்குக் கொடுங்கள்" என்றேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டு வாசலில் அமர்ந்து காலணி அப்பர்களைக் கையால் தைக்கும் பெண்களை அவர் அறிவார். அவர் தொழிலே அந்த விரல்களால் நடக்கிறது. நாற்பதைக் கடந்தால் வெள்ளெழுத்து வந்து ஊசியின் காது தெரியாது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி ஒரு குடும்பத்தின் கூலியைக் காக்கும். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் முத்தவல்லியிடம் வந்து, இரண்டுக்குமாகப் பணம் தந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

கருவி வாங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். மூக்குக் கண்ணாடி அணிவோர் விலகல் அளவு பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாததைக் கேளுங்கள். இரு குழல்களின் இடைவெளி உங்கள் கண்களின் இடைவெளிக்கு ஒடுங்குகிறதா என்று பாருங்கள். சிறுவர்களுக்கு இது மிக அவசியம். கடையில் பத்து நிமிடம் ஏந்தி நின்று, தலைவலியோ கைவலியோ வருகிறதா எனக் கவனியுங்கள். எண்களைப் பெரிதாக எழுதியவற்றை நம்பாதீர்கள். யாவற்றினும் முக்கியம், சூரியன் முழுதும் மறையும் முன் மேற்குத் திசையில் கருவியைத் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் நிரந்தரமாகப் பழுதாக!

கருவி எதுவாயினும் அதற்கோர் எல்லை உண்டு. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ ஏழு பாகைக்குக் குறைந்தால் பிறைக் கீற்றே புலப்படாது என்பதைப் பிரெஞ்சு வானியலார் தாஞ்சோன் எடுத்துரைத்தார். இல்லாததை இரண்டு லட்ச ரூபாய்க் கருவியும் காட்டாது. கருவியால் மட்டும் கண்ட பிறையைச் சாட்சியமாக ஏற்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டறியுங்கள். எங்கள் மாடியில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளியது. கருவியால் இடத்தைக் கண்டுகொள்கிறோம். பிறகு அதை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் தேடுகிறோம். கண்டால் கண்டோம் என்கிறோம். காணாவிட்டால் காணவில்லை என்கிறோம். சாட்சி சொல்லும் நாவில் உண்மை இல்லையேல் தெளிந்த கண்ணாடியால் என்ன பயன்?

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வேறொரு பொருளோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.